வரியை மட்டும் மாற்றினோம், புக்கிங் நிற்கவில்லை: பாண்டி லாட்ஜ் சாஃப்ட்வேர் அனுபவம்

பாண்டிச்சேரி லாட்ஜ்களுக்கான எங்கள் புக்கிங் சாஃப்ட்வேர் முன்பு ஒரே பெரிய புரோகிராமாக இருந்தது. அதை ஆளுக்கொரு வேலை செய்யும் சின்னச் சின்ன ஃபங்ஷன்களாகப் பிரித்து, லாம்டாவில் (சர்வரை நாமே பராமரிக்காமல் ஃபங்ஷன்களை ஓட்டித் தரும் அமேசான் சேவை) தனித்தனியாக ஏற்ற ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகின்றன. பிரிக்கலாமா என்று யோசிப்பவர்கள் எதைப் பிரிப்பது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஜிஎஸ்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை வரி இல்லாமல் இருந்த, நாள் வாடகை ஆயிரம் ரூபாய் வரையிலான அறைகளுக்கும் 2022 ஜூலை 18 முதல் 12 சதவீதம் வந்தது. மாற்ற வேண்டியது கோடில் ஓரிரு இடம்தான், ஆனால் எல்லாம் ஒன்றாக இருந்ததால் மொத்தத்தையும் டெஸ்ட் செய்து, ஒவ்வொரு ரிசப்ஷனுக்கும் போன் போட்டுச் சொல்லி, ராத்திரி சர்வரை நிறுத்தித்தான் ஏற்ற முடிந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு அது 5 சதவீதமாகக் குறைந்தபோது வரி ஃபங்ஷன் தனியாக இருந்தது, அதை மட்டும் மாற்றினோம், புக்கிங் பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. எனக்கு இந்த ஒன்றே போதும்.

விருந்தினருக்கு மெசேஜ் அனுப்புவதும் தனி ஃபங்ஷன்தான். புக்கிங் முடிந்ததும் தகவல் எஸ்க்யூஎஸ் (தகவல்களை வரிசையில் வைத்திருக்கும் அமேசான் சேவை) க்யூவுக்குப் போகும், மெசேஜ் சேவை படுத்துவிட்டாலும் அது அங்கேயே காத்திருக்கும். ஆனால் சாதாரண க்யூ, தகவலைக் குறைந்தது ஒரு தடவை தருவதாகத்தான் உறுதி சொல்கிறது, சில சமயம் இரண்டாவது தடவையும் வரும். அதனால் அனுப்பும் முன் அந்த புக்கிங் எண்ணுக்கு ஏற்கெனவே மெசேஜ் போய்விட்டதா என்று டேபிளில் பார்த்தே ஆக வேண்டும்.

கஷ்டம் என்றால் தப்பைத் தேடுவதுதான். "பணம் போயிடுச்சு, பில் வரல" என்று ரிசப்ஷனிலிருந்து போன் வந்தால் பேமென்ட், வரி, பில், மெசேஜ் என்று நாலு ஃபங்ஷனின் லாகையும் (நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவு) திறந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு அழைப்போடும் புக்கிங் எண்ணையும் சேர்த்து அனுப்பி, லாகில் எழுத வைத்த பிறகுதான் இது சமாளிக்கிற வேலையாக ஆனது. அப்புறம், லாம்டா 15 நிமிடத்துக்கு மேல் ஓடாது, அதனால் மாதக் கடைசிக் கணக்கைச் சாதாரண சர்வரிலேயே விட்டுவிட்டோம்.

அறை இருப்பையும் புக்கிங்கையும் மட்டும் பிரிக்கவே இல்லை. டிசம்பர் 31-க்கு ஒயிட் டவுனில் மிச்சமிருக்கும் ஒரே அறையைச் சென்னையிலிருந்து ஒருவரும் பெங்களூரிலிருந்து ஒருவரும் ஒரே நேரத்தில் அழுத்துவார்கள், அறை இருப்பும் புக்கிங்கும், முழுதாக நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத ஒரே டேட்டாபேஸ் டிரான்சாக்‌ஷனில் இருந்தால் ஒருவருக்குக் கிடைக்கும், மற்றவருக்கு உடனே இல்லை என்று வந்துவிடும். பிரித்துவிட்டால் அந்த இரண்டாவது புக்கிங்கைக் கண்டுபிடித்து ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தரும் புரோகிராமையும் நாமே எழுத வேண்டும், அதற்குள் அவர் பையோடு ஈசிஆரில் பாதி தூரம் வந்திருப்பார்.