எண்ணூர் சாலையில் என்95 மாஸ்க்: வாங்கலாமா?

எண்ணூர், மணலி பக்கம் தினமும் பைக் ஓட்டுகிறவர்கள் துணி மாஸ்க்கை விட்டுவிட்டு என்95-க்கு மாறிவிடுங்கள். முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி போனால் கிளம்புகிற புழுதி வெறும் மண் இல்லை; பிரேக்கிலிருந்து தேய்ந்து விழுந்த செம்பு, டயரிலிருந்து வந்த துத்தநாகம், அனல்மின் நிலையச் சாம்பல், போதாததற்கு 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்திய பிறகும் சாலையோர மண்ணில் தங்கிவிட்ட ஈயம்.

நான் வாங்கியது தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போடுகிற வகை. காதில் மாட்டுவதைவிட இது முகத்தோடு நன்றாக ஒட்டி நிற்கிறது. சாயங்காலம் கழற்றிப் பார்த்தால் வெளிப்பக்கம் சாம்பல் நிறம், உள்பக்கம் அப்படியே வெள்ளை. 0.3 மைக்ரான் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்க வேண்டும் என்பது கணக்கு, தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகுந்து அது வீண். ஹெல்மெட்டுக்குள் வியர்த்துக் கொட்டுகிறது. சோப்புப் போட்டுத் துவைக்கக் கூடாது, துகளை இழுத்துப் பிடிக்கிற மின்னேற்றமே போய்விடும். புகையிலுள்ள வாயுக்களையும் தடுக்காது.

அப்புறம், வீட்டில் தவழ்கிற குழந்தை இருந்தால் மாஸ்க் மட்டும் போதாது. செருப்பில் வந்த தூசியைத் தொட்டு வாயில் வைக்கும், ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையவே கிடையாது. செருப்பை வாசலிலேயே விடுங்கள், தரையை ஈரத்துணியால் துடையுங்கள்.

விலை கொஞ்சம் கூடத்தான். ஐஎஸ்ஐ முத்திரையோடு ஐஎஸ் 9473 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.