டைட்டனேட்டா, டாண்டலேட்டா? காந்தப்புலத்தில் இரண்டு ஆக்சைடு இடைமுகங்கள்

தனித்தனியே பார்த்தால் மின்சாரமே கடத்தாத இரண்டு ஆக்சைடுகள். ஒன்றின் மேல் மற்றதைச் சில அணு அடுக்குகள் வளர்த்தால், இரண்டும் சேரும் இடத்தில் மட்டும் எலெக்ட்ரான்கள் ஓடும். ஒட்டோமோவும் ஹுவாங்கும் 2004-இல் ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டின் மேல் லாந்தனம் அலுமினேட்டை வளர்த்துக் காட்டியது இதைத்தான். அந்த இடைமுகம் 0.2 கெல்வினில் மீக்கடத்தியாகிறது, அதாவது மின்தடையே இல்லாமல் கடத்துகிறது என்று 2007-இல் தெரிந்தது. 2021-இல் போட்டிக்கு வந்தது பொட்டாசியம் டாண்டலேட். அதன் இடைமுகம் ஏறத்தாழ 2.2 கெல்வினிலேயே மீக்கடத்துகிறது.

பத்து மடங்கு வித்தியாசம், சும்மா இல்லை. முதலாவதற்கு ஹீலியம்-3 கலந்து ஓடும் டைல்யூஷன் ஃப்ரிட்ஜ் வேண்டும். இரண்டாவதற்குத் திரவ ஹீலியத்தைப் பம்பு வைத்து உறிஞ்சிக் குளிர்வித்தாலே போதும்.

சரி, காந்தப்புலத்துக்கு வருவோம். அடுக்குக்குச் செங்குத்தாகப் புலம் வைத்தால், புலத்தை உள்ளே கொண்டுவரும் மின்னோட்டச் சுழல்கள் புகுந்து மீக்கடத்தலைச் சீக்கிரமே கெடுத்துவிடும். சுவாரசியம் புலத்தை அடுக்கின் தளத்திலேயே படுக்க வைக்கும்போதுதான். அடுக்கு சில நானோமீட்டர் தடிமன் என்பதால் எலெக்ட்ரான்களின் சுற்றோட்டத்தைப் புலம் பெரிதாகத் தொட முடியாது. மீக்கடத்தலைச் சுமப்பது கூப்பர் இணை: எதிரெதிர் ஸ்பின்னோடு (எலெக்ட்ரானின் சிறு காந்தத் திசை) இணைந்திருக்கும் இரண்டு எலெக்ட்ரான்கள். அதை, இரண்டு ஸ்பின்னையும் ஒரே பக்கம் திருப்பித்தான் பிரிக்க வேண்டும். அதற்குத் தேவையான புலத்தின் கணக்கு பவுலி எல்லை: மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலையில் ஒவ்வொரு கெல்வினுக்கும் சுமார் 1.84 டெஸ்லா. அதன்படி டைட்டனேட் 0.37 டெஸ்லாவிலும், டாண்டலேட் 4 டெஸ்லாவிலும் விழ வேண்டும். இரண்டுமே விழுவதில்லை, எல்லையைத் தாண்டி நிற்கின்றன.

உடனே சிலர் 'வழக்கத்துக்கு மாறான மீக்கடத்தல்', அதாவது இணைகள் சேரும் விதமே வேறு என்று பட்டம் கட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்பின்-ஆர்பிட் பிணைப்பால் (எலெக்ட்ரானின் ஸ்பின்னும் அதன் ஓட்டமும் பிணைந்திருப்பது) ஸ்பின் திசை குழம்பினாலே சாதாரண மீக்கடத்தியும் எல்லையைத் தாண்டும். டாண்டலம் கனமான அணு, அதில் அந்தப் பிணைப்பு டைட்டானியத்தைவிட மிக வலுவானது. ஆகவே எல்லை மீறலை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

டாண்டலேட்டின் பக்கம் நான் சாய்வதற்குக் காரணம் வேறு. படிகத்தை எந்த முகத்தில் வெட்டுகிறோம் என்பது அதில் எல்லாவற்றையும் மாற்றுகிறது: (111) என்று எண்ணிடப்படும் முகத்தில் ஏறத்தாழ 2 கெல்வின், (110)-இல் 0.9 கெல்வின், (001)-இல் முதல் சோதனைகளில் 25 மில்லிகெல்வின் வரை குளிர்வித்தும் ஒன்றுமில்லை. டைட்டனேட் மூன்று முகங்களிலும் மீக்கடத்துகிறது. மேலடுக்காக, 69 கெல்வினுக்குக் கீழே ஃபெர்ரோகாந்தமாகும் (தானே காந்தமாகிவிடும்) யூரோப்பியம் ஆக்சைடையே வைத்தாலும் டாண்டலேட்டின் மீக்கடத்தல் அழிவதில்லை.

அப்புறம் கேட் மின்னழுத்தம், அதாவது இடைமுகத்துக்கு வெளியே ஒரு மின்முனையில் வைத்து எலெக்ட்ரான்களைக் கட்டுப்படுத்தும் மின்னழுத்தம். 2008-லேயே அதைக் கொண்டு மீக்கடத்தலை ஏற்றி இறக்கி அணைத்தும் காட்டிய டைட்டனேட்டுக்கு அதில் அனுபவம் அதிகம். டாண்டலேட்டிலும் கேட் வேலை செய்கிறது, ஆனால் அங்கே அது பெரும்பாலும் மாற்றுவது எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையை அல்ல, அவை இடைமுகத்தோடு எவ்வளவு ஒட்டி நிற்கின்றன என்பதை.