வேகமாகச் சிமிட்டும் இண்டிகேட்டர்: ரெசிஸ்டரா, பிளாஷர் ரிலேயா?

வண்டியின் இண்டிகேட்டரில் 21 வாட் பல்புக்குப் பதிலாக எல்.இ.டி. பொருத்தியதும் மின்னோட்டம் வெகுவாகக் குறைவதால், பல்பு பழுதானதாகக் கருதும் பழைய பிளாஷர் (விளக்கைச் சிமிட்ட வைக்கும் ரிலே) இண்டிகேட்டரை வழக்கத்தைவிட வேகமாகச் சிமிட்ட வைக்கிறது. இதைச் சரிசெய்ய விளக்குக்கு இணையாக 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டரை (மின்தடையை) சேர்க்கலாம்; ஆனால் 12 வோல்ட்டில் அது 2 ஆம்பியரை இழுத்து, எரியும் நேரமெல்லாம் 24 வாட்டை வெறும் வெப்பமாக்குவதால், பிளாஸ்டிக்கையோ வயர்களையோ தொடாதபடி உலோகப் பரப்பில் திருகிப் பொருத்த வேண்டும். மின்சாரத்தை மிச்சப்படுத்த வந்த விளக்குக்கு இது சற்று வேடிக்கையான பரிகாரம்தான்.

எல்.இ.டி.க்கான மின்னணு பிளாஷர் ரிலே சுமையைப் பொருட்படுத்தாமல் சீராகச் சிமிட்டும். எனினும், விளக்கு ஒன்று அணைந்துபோனால் பெரும்பாலும் எச்சரிக்காது. தனி ரிலே உள்ள வண்டியில், முனைகளின் அமைப்பு பொருந்துமானால், இதையே பரிந்துரைப்பேன். சிமிட்டலை வண்டியின் கணினியே இயக்கினால், மாற்றுவதற்கு ரிலே இராது என்பதால், ரெசிஸ்டரை நாடுவதே வழக்கம்.