எடுக்காத ரைடிங் மோவர்: முதலில் பிளக்கா, கார்புரேட்டரா?

ஊட்டி, குன்னூர் பக்கம் புல்வெளி பராமரிப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. ரைடிங் மோவர் (உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி) எடுக்கவில்லை என்றதும் ஒரு கட்சி பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் கைவைக்கும், மற்றது தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால், மலையில் எங்கள் ஓட்டு பிளக் கட்சிக்கே.

காரணம் உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழக் கால் பங்கு குறைவு. கார்புரேட்டரின் ஜெட் என்ற சிறு துளை வழியே வரும் பெட்ரோலோ அந்த அளவுக்குக் குறைவதில்லை. கலவையில் காற்றைவிடப் பெட்ரோல் கூடிக் கனத்துப்போகிறது. ஜனவரிக் காலையில் உறைபனி பார்த்த வண்டியை முழுச் சோக்கில் (காற்றை அடைக்கும் தகடு மூடிய நிலையில்) நாலைந்து முறை அடித்தாலே பிளக் நனைந்துவிடும். கார்புரேட்டரை எவ்வளவு பிரித்துப் பார்த்தாலும் இது தெரியாது.

நேரக் கணக்கும் பிளக் பக்கம்தான். 16 அல்லது 21 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர் ஒன்று, பத்து நிமிடம். கார்புரேட்டர் என்றால் கேபிள், லிங்க், கேஸ்கெட் என்று அரை நாள் போய்விடும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஸ்பிரிங்கைத் தவறான துளையில் மாட்டினால் புதிதாக ஒரு கோளாறும் சேரும்.

பிளக் சொல்வதை இப்படிப் படியுங்கள். நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால், துடைத்துக் காயவைத்து, சோக் இல்லாமல் ஆக்சிலரேட்டரை முழுக்க வைத்து 5 விநாடி செல்ஃப் அடியுங்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடி அடிக்கலாம். காய்ந்த கரி படிந்திருந்தால் ஏர் ஃபில்டரையும் சோக் முழுதாகத் திறக்கிறதா என்பதையும் பாருங்கள். எலும்புபோல் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. கார்புரேட்டர் கட்சியின் முறை அப்போதுதான்.

பிளக்கில் கரண்ட் (தீப்பொறி) வருகிறதா என்று பார்க்க ஸ்பார்க் டெஸ்டர் நல்லது. பிளக்கையே பாடியில் வைத்துப் பார்ப்பதானால் பிளக் துளையிலிருந்து தள்ளி வையுங்கள்; அங்கிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். பிளேடு ஆஃபில், பிரேக் போட்ட நிலையில் செய்யுங்கள். கரண்ட் இல்லையென்றால் பிளக்குக்குக் கரண்ட் தரும் காயிலுக்குப் போகும் மெல்லிய கில் ஒயரை (இன்ஜினை நிறுத்தும் ஒயர்) கழற்றுங்கள். உடனே கரண்ட் வந்தால் காயில் நன்றாக இருக்கிறது. சீட், பிரேக், பிளேடு சுவிட்சுகளில் ஒன்றோ சாவி சுவிட்சோதான் கோளாறு. சோதனை முடிந்ததும் ஒயரைத் திரும்ப மாட்டியாக வேண்டும். அது இல்லாமல் ஓடும் இன்ஜினைச் சாவி நிறுத்தாது, ஓட்டுபவர் கீழே விழுந்தாலும் பிளேடு நிற்காது. ஒயரைக் கழற்றியும் கரண்ட் இல்லையா? மாதக்கணக்கில் மூடுபனியில் நின்ற வண்டியில் ஃப்ளைவீல் காந்தத்திலும் காயில் காலிலும் துரு ஏறியிருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பார்த்த பிறகு புதுக் காயில் வாங்கலாம்.

பிளக் காய்ந்திருந்தால் முதலில் சாவியை ஆன் செய்து காது கொடுங்கள். கார்புரேட்டர் அடியில் சோலனாய்டு (பெட்ரோலைத் திறந்து மூடும் மின் வால்வு) உள்ள மாடலில் 'டிக்' சத்தம் வர வேண்டும். பிறகு கார்புரேட்டர் அடியில் பெட்ரோல் நிற்கும் பௌலைக் கழற்றி, அதிலுள்ளதைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றுங்கள். அடியில் தனிப் படலம் தெரிந்தால் தண்ணீர். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். மழைக்காலம் முழுக்க டாங்கில் கிடந்தால் இதுதான் நடக்கும். 30 நாளுக்கு மேல் நின்ற பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

சுத்தம் செய்வதா, புதிது வாங்குவதா? பௌலும் உடம்பும் வெள்ளையாகப் பொரிந்து குழி விழுந்திருந்தால் மட்டும் புதிது. மற்றபடி பழையதையே கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் அடித்துக் காப்பாற்றுங்கள். ஜெட்டில் கம்பி விட வேண்டாம், துளை பெரிதாகிவிடும். மலிவு டூப்ளிகேட் கார்புரேட்டர் சமவெளி ஜெட்டோடு வரும். ஊட்டியில் அது மறுபடி பிளக்கைக் கரியாக்கும். இன்ஜின் தயாரிக்கும் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனின் கையேடு 1,524 மீட்டருக்கு மேல் கார்புரேட்டர் இன்ஜினை உயரத்துக்கு ஏற்பச் சரிசெய்யச் சொல்கிறது. கொடைக்கானலுக்கும் இது பொருந்தும். கோவையில் சர்வீஸ் செய்து ஏற்றிவந்த வண்டி மேலே முரண்டு பிடித்தால் ஜெட்டைத்தான் முதலில் சந்தேகியுங்கள்.

செல்ஃப் அரைச் சுற்றில் முட்டி நின்றால் போட்டி வேறு: பேட்டரியா, டாப்பெட்டா (வால்வு இடைவெளி)? பலரும் பேட்டரி வாங்கி ஏமாறுவது இங்கேதான். மல்டிமீட்டர் வையுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்து, செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி போய்விட்டது. 10-க்கு மேலேயே நின்றும் முட்டினால் எர்த் ஒயரின் முனையைச் சுரண்டிப் பாருங்கள், அடுத்து டாப்பெட். இடைவெளி கூடிப்போனால் சுற்றும்போது சிலிண்டர் அழுத்தத்தைக் குறைக்கும் கம்ப்ரெஷன் ரிலீஸ் வேலை செய்யாது, செல்ஃப் முழு அழுத்தத்தோடு மல்லுக்கட்டும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரெஷன் உச்சியைத் தாண்டி 6 மி.மீ. இறங்கிய நிலையில், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துக் கையேட்டு அளவுக்குக் கொண்டுவாருங்கள். பல ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின்களில் இன்லெட் 0.10, எக்ஸாஸ்ட் 0.15 மி.மீ. அளவில் இருக்கும். அதன்பின் பழைய பேட்டரியே சுற்றிவிடும்.