சொல்லிப் புரியவைப்பதா, புழங்கவிட்டுக் காட்டுவதா? ‘வாட்ச்மென்’ படக்கதையும் அதன் தொலைக்காட்சித் தொடரும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் சில பேர் சேர்ந்து ஒலிநாடகத் தொடர் ஒன்று எழுதி வருகிறோம். கதை நடப்பது, இப்படி ஆகியிருக்கக்கூடாதா என்று பலர் ஏங்கிய ஒரு மலேசியாவில். வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960இல், மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகளின் பங்குப் பணத்தைத் திரட்டி அது தோட்டங்களை வாங்கியது. ஆனாலும் துண்டாடலில் வேலையையும் லயத்து வீட்டையும் இழந்து போன குடும்பங்கள் ஏராளம். எங்கள் கதையில் விற்பனைக்கு வந்த எல்லாத் தோட்டத்தையும் சங்கமே வாங்கிவிட்டது. பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது முதலாளிகள்.

சரி, இதையெல்லாம் கேட்பவருக்கு எப்படித் தெரியப்படுத்துவது? எங்களுக்குள் நீண்ட பேச்சு இதைப் பற்றித்தான். கடைசியில் முடிவுக்கு உதவியது ‘வாட்ச்மென்’. ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்து 1986, 87இல் 12 இதழ்களாக வந்த படக்கதை ஒரு பக்கம். அதன் தொடர்ச்சியாக டேமன் லிண்டலாஃப் 2019இல் எச்பிஓவுக்கு உருவாக்கிய 9 பகுதித் தொலைக்காட்சித் தொடர் இன்னொரு பக்கம். முகமூடி வீரர்கள் நிஜமாகவே இருக்கும் ஒரு மாற்று அமெரிக்காதான் இரண்டிலும். ஒரே உலகம், ஆனால் அதைக் கட்டிய விதம் வேறு வேறு. இரண்டின் முடிவையும் தொட்டுத்தான் பேசப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

கதைசொல்லியின் குரலில் தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடும் வழி மூன்றாவதாக இருக்கிறது. ‘அது 1960ஆம் ஆண்டு…’ என்று தொடங்குமே, அது. அதைப் பற்றி அதிகம் பேச எதுவுமில்லை. எளிது, யாருக்கும் புரியும், ஐந்து நிமிடத்தில் தூக்கம் வரும். 2009இல் வந்த திரைப்படத்தையும் இங்கே எடுக்கவில்லை. அது படக்கதையைத் திரைக்கு மாற்றியது. முடிந்த கதைக்குத் தொடர்ச்சி எழுதுகிறவருடைய சிக்கல் அதற்கு இல்லை.

படக்கதையின் வழி ஆவணங்கள். ஒவ்வொரு இதழிலும் கதை முடிந்தபின் சில பக்கங்களுக்கு அந்த உலகத்துக்குள்ளேயே எழுதப்பட்டது போன்ற ஏதாவது ஒன்று வரும். முதல் மூன்று இதழ்களில் ஹாலிஸ் மேசன் என்ற ஓய்வுபெற்ற முகமூடிக்காரரின் தன்வரலாறு. அப்புறம் ரோர்ஷாக் என்ற இன்னொரு முகமூடிக்காரரின் மனநல மருத்துவக் கோப்பு, ஒரு பத்திரிகைப் பேட்டி, பொம்மை வியாபாரம் பற்றிய கம்பெனிக் கடிதங்கள். எனக்கு மிகவும் பிடித்தது 7ஆம் இதழின் கடைசியில் வரும் ஆந்தைகளைப் பற்றிய கட்டுரை. எழுதியவர் டேன் டிரைபெர்க். முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதர். அதில் சாகசம் எதுவும் கிடையாது. பறவைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறார். ஆனால் அவர் எதை இழந்திருக்கிறார் என்பது வரிக்கு வரி தெரிகிறது. கடைசி இதழில் ஆவணம் எதுவும் இல்லை. கதையே முழுவதையும் எடுத்துக்கொள்கிறது.

நடுநடுவே சொல்லாமல் காட்டும் வேலையையும் படக்கதை செய்கிறது. 1985இலும் நிக்சன்தான் அதிபர், தெருவில் மின்சார வண்டிகள், வானத்தில் வான்கப்பல்கள். நிஜ முகமூடி வீரர்கள் இருக்கும் உலகம் என்பதால் பிள்ளைகள் கடற்கொள்ளையர் படக்கதை படிக்கிறார்கள். நியூயார்க் முழுக்க ‘கங்கா டைனர்’ என்று இந்தியச் சாப்பாட்டுக் கடைகள். இவை எல்லாம் பின்னணி. பாரத்தைச் சுமப்பது ஆவணங்கள்தான்.

தொடரோ அந்தச் சுமையைப் புழக்கத்தின் மேல் ஏற்றியது. முதல் பகுதியில் ஒரு காட்சி. தொடரின் நாயகி, போலீஸ்காரர் ஏஞ்சலா அபார் வண்டி ஓட்டிப் போகிறார். எச்சரிக்கைச் சங்கு ஊதுகிறது. வண்டியை ஓரம் கட்டுகிறார். வானத்திலிருந்து குட்டிக் குட்டிக் கணவாய் மீன்கள் கொட்டுகின்றன, கண்ணாடியில் சளப் சளப்பென்று விழுகின்றன. யாரும் அலறவில்லை. மழை நிற்கிறது, வண்டி கிளம்புகிறது. அவ்வளவுதான். ஏன் கொட்டுகிறது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை, ஏனென்றால் அங்கே வாழ்கிறவர்களுக்கு அது பழகிப்போன ஒன்று. நமக்கு மட்டும்தான் புதிது.

அதே பகுதியில் ஒரு போலீஸ்காரர் சாலையில் லாரி ஒன்றை நிறுத்துகிறார். அவருடைய துப்பாக்கி அவருடைய வண்டிக்குள்ளேயே பூட்டிக் கிடக்கிறது. தலைமையிடம் அனுமதி கொடுத்தால்தான் பூட்டு திறக்கும். கம்பியில்லாத் தொடர்பில் அவர் காரணம் சொல்லி, அங்கே இருப்பவர் கேள்வி கேட்டு, பூட்டு திறந்து, அதற்குள் அவர் சுடப்படுகிறார். அந்த நாட்டில் என்ன சட்டம் வந்திருக்கிறது, போலீசை யார் நம்பவில்லை, போலீஸ் ஏன் மஞ்சள் துணியால் முகத்தை மூடிக்கொள்கிறது என்பதற்கெல்லாம் கதவு திறப்பது அந்தச் சில நிமிடங்கள். ஒரு வரி விளக்கம்கூடக் கிடையாது. ராபர்ட் ரெட்ஃபோர்ட் பல ஆண்டுகளாக அதிபர், வியட்நாம் அமெரிக்காவின் ஒரு மாநிலம், கைத்தொலைபேசி இல்லை, பேஜர்தான்: எல்லாம் போகிற போக்கில் வருகின்றன.

எங்கள் குழுவில் ஒலிப்பதிவைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்கு இந்த வழியில் பயம் இருந்தது. “அண்ணே, புரியலேன்னா பாதியிலேயே நிறுத்திட்டுப் போயிருவாங்களே” என்றார். நியாயமான பயம்தான். ஆனால் தொடர் நமக்குத் தருவது குழப்பத்தை மட்டும் இல்லை. கணவாய் மழை புரியாவிட்டாலும் ஏஞ்சலா வண்டியை நிறுத்துவது புரிகிறது. பூட்டிய துப்பாக்கியின் சட்டம் புரியாவிட்டாலும் அந்த மனிதரின் பதற்றம் புரிகிறது. ஆள் என்ன செய்கிறார் என்பது தெளிவாக இருந்தால், ஏன் என்பதற்குக் காத்திருக்கலாம்.

என்னைத் தொடரின் பக்கம் சாய்த்த முக்கியக் காரணம் பராமரிப்பு. எழுதத் தொடங்குகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. விளக்கமாகச் சொல்லும் ஒவ்வொரு வரியும் மளிகைக்கடைச் சிட்டையில் எழுதிய கடன் மாதிரி. பின்னால் வரும் பகுதிகள் அதைக் கட்டியாக வேண்டும். ‘லாப ஈவு சித்திரையில் வரும்’ என்று கதைசொல்லி ஒருமுறை சொல்லிவிட்டால், வைகாசியில் கல்யாணத்துக்குப் பணமில்லாமல் தவிக்கும் குடும்பத்தை எழுத முடியாது. ‘சங்கத்தில் பெண்களுக்கும் சம ஓட்டு’ என்று சொல்லிவிட்டால், பாட்டியைப் பேசவிடாமல் தடுக்கும் கூட்டத்துக்கு இன்னொரு விளக்கம் தேவைப்படும். ஆவணம் என்றால் கடன் இன்னும் கூடும், ஏனென்றால் ஆவணத்தில் தேதி இருக்கும், கையெழுத்து இருக்கும், தொகை இருக்கும். கூட்டக் குறிப்பு ஒன்றைப் போலியாக எழுதிப் பார்த்தோம். ஒரே பக்கத்தில் செயலாளர் பெயர், கூட்டம் நடந்த நாள், பால் விலை, யார் வரவில்லை என்று வந்து விழுந்த தகவல்களை எல்லாம் குழுவில் உள்ள அக்கா ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டே வந்தார். “இதுல ஒவ்வொன்னுக்கும் இனிமே காவல் இருக்கணும் தம்பி” என்று அவர் சொன்னதில் உண்மை இருந்தது.

பழக்கத்துக்கு இத்தனை காவல் வேண்டாம். எங்கள் நாடகத்தில் பாட்டி தன் பங்குப் புத்தகத்தைச் சாமி மாடத்தில் முருகன் படத்துக்குப் பின்னால், பழைய பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார். வீட்டில் சண்டை முற்றினால் மட்டும் டின் திறக்கும் சத்தம் கேட்கும். யாரும் ‘இது நம் தோட்டம், நாம்தான் முதலாளி’ என்று வசனம் பேச வேண்டியதில்லை. மகன் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்குப் போகிறேன் என்கிறான், டின் திறக்கிறது. அடுத்து வரும் எந்தப் பகுதியோடும் அது முட்டிக்கொள்ளாது. தேவைப்பட்டால் பின்னால் அதற்குள் வேறு எதையாவது வைக்கவும் இடமிருக்கிறது.

கணவாய் மழையிலும் இதுதான் நடக்கிறது. 5ஆம் பகுதியில் லுக்கிங் கிளாஸ் என்ற போலீஸ்காரரின் வாழ்க்கை விரிகிறது. 1985இல் நியூயார்க்கில் பெரும் கணவாய் வந்து லட்சக்கணக்கானோர் செத்த இரவில், இளைஞனாக ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹோபோக்கனில் இருந்தவர். இன்றும் வீட்டில் சங்கு வைத்து, ஓடி ஒளியப் பயிற்சி எடுக்கிறார். தொப்பிக்குள் பளபளக்கும் தகட்டை வைத்துத் தலையைக் காக்கிறார். அந்த மழை எல்லாம், படக்கதையின் முடிவில் பெரும் கணவாயை ஏவிவிட்ட முன்னாள் முகமூடி வீரர் ஏட்ரியன் வைட் ஏற்பாடு செய்த ஏமாற்று, பழைய பயம் ஆறிப்போகாமல் இருக்கத்தான் கொட்டவைக்கிறார் என்பது தெரியவரும்போது, முதல் பகுதியில் சாதாரணமாகக் கடந்துபோன மழைக்கு வேறு கனம் வந்துவிடுகிறது. கடைசிப் பகுதியில் அதே கணவாய்கள் உறைந்து ஆயுதமாகக் கொட்டுகின்றன. உலகத்தைக் காட்டுவதற்காக வந்த ஒரு சின்ன விஷயம் கதையையே முடித்து வைக்கிறது. ஆந்தைக் கட்டுரை எவ்வளவு அழகாக இருந்தாலும் கதையை இப்படி நகர்த்துவதில்லை.

தொடர் ஆவணங்களைக் கைவிடவும் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அவற்றை வெளியே எடுத்து வைத்தது. டேல் பீட்டி என்ற எஃப்பிஐ அதிகாரி எழுதும் குறிப்புகள் ‘பீட்டிபீடியா’ என்ற பெயரில் எச்பிஓவின் வலைத்தளத்தில் வந்தன. ஆர்வம் உள்ளவர் போய்ப் படிக்கலாம், படிக்காதவருக்குக் கதை குறைவதில்லை. உடம்பெல்லாம் வெள்ளி உடை போட்ட ஒருவன் சாக்கடை வாய்க்குள் வழுக்கி மறைகிறானே, அவன் யார் என்று தொடர் கடைசிவரை சொல்லாது. பதிலுக்கான குறிப்பு அந்த ஆவணங்களில்தான் இருக்கிறது.

தொடர்ச்சி எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். படக்கதையில் ஹூடட் ஜஸ்டிஸ் என்ற முதல் முகமூடி வீரர் யார் என்பது உறுதியாகத் தெரியாது. மூலத்தில் இருந்த அந்த ஓட்டைக்குள் நுழைந்துதான் தொடர் 6ஆம் பகுதியை எழுதியது. அவர் ஒரு கறுப்பினப் போலீஸ்காரர், வில் ரீவ்ஸ். சிறுவனாக துல்சாவில் உயிர்தப்பியவர். 1921ஆம் ஆண்டு மே 31, ஜூன் 1 தேதிகளில் ஓக்லஹோமாவின் துல்சா நகரில், கறுப்பின மக்கள் செழிப்பாக வாழ்ந்த கிரீன்வுட் பகுதியை வெள்ளைக்காரக் கும்பல் எரித்துக் கொன்று குவித்தது உண்மை வரலாறு. தொடர் தொடங்குவதே அதிலிருந்துதான். படக்கதைக்கு அணு ஆயுதப் பயம் எப்படியோ, தொடருக்கு இந்த இனவெறி அப்படி. மூலத்தில் ஒரு வரியைக்கூட மாற்றாமல், மூலத்தையே வேறு கண்ணால் பார்க்க வைத்தார்கள். கற்பனை உலகத்துக்கு அடியில் நிஜமான ரத்தம் இருந்தால், மேலே கணவாய் மழை பெய்தாலும் நம்புவோம்.

எங்களுக்கு அது சயாம் ரயில். 1942, 43இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் தண்டவாளத்துக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டுத் திரும்பாமல் போனவர்களின் குடும்பங்கள் எங்கள் ஊர்ப் பக்கமும் உண்டு. எங்கள் கதையில் அதை மாற்றவில்லை. பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் திடலில், பெயர் கூப்பிடும்போது, போய்த் திரும்பாதவர்களின் பெயர்களையும் வருடத்தில் ஒருநாள் கூப்பிடுகிறார்கள். யாரும் பதில் சொல்லாத அந்த இடைவெளியை அப்படியே பதிவு செய்திருக்கிறோம். அதற்கு விளக்கம் எழுதவில்லை.

அனுபவம் போதாத இடங்கள் எனக்கும் உண்டு. நாங்கள் செய்வது ஒலி மட்டும். திரையில் ஒரு பேஜரைக் காட்டினால் போதும். ஒலியில் யாராவது அதைப் பற்றிப் பேசியாக வேண்டும், அல்லது சத்தம் இருக்க வேண்டும். சத்தமில்லாத பொருளை வைத்துப் புழக்கத்தைக் காட்டுவது எங்களுக்கு இன்னும் கைவரவில்லை. லிண்டலாஃப் 9 பகுதியோடு நிறுத்திக்கொண்டார், இரண்டாம் பருவம் எழுதவில்லை. ஐம்பது, நூறு பகுதி ஓடும் தொடரில் இந்த வழி தாங்குமா என்பதற்கு அது சாட்சி ஆகாது. அச்சில் வரும் கதை என்றால் ஆவணத்துக்கே கூடுதல் பலம் என்றும் நினைக்கிறேன். படிப்பவர் நிதானமாகத் திருப்பிப் பார்ப்பார், ஒரு கடிதத்தின் தேதியை முந்தைய பக்கத்தோடு ஒத்துப் பார்ப்பதே அவருக்குச் சந்தோஷம். பள்ளி மலருக்கோ சிற்றிதழுக்கோ எழுதுகிறவர் மூரின் வழியைத் தயங்காமல் எடுக்கலாம். நோட்டுப் புத்தகத்தோடு ஓர் அக்கா பக்கத்தில் இருக்கட்டும்.

நாடகத்துக்கும் காணொளிக்கும் எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது தொடரின் வழி. முதல் பகுதியில், அந்த உலகத்து ஆட்கள் யோசிக்காமல் செய்யும் ஒரு காரியத்தைத் தேர்ந்தெடுங்கள். அதற்கான காரணம் உங்களுக்கு முழுதாகத் தெரிந்திருக்கட்டும், ஆனால் பாதித் தொடர் தாண்டும்வரை வாயைத் திறக்காதீர்கள். கூட்டக் குறிப்பு, பத்திரிகைச் செய்தி, பள்ளிப் பாடம் என்று எழுத ஆசை வந்தால் எழுதி, பீட்டிபீடியா மாதிரி வெளியே வையுங்கள். நாங்கள் எழுதிய அந்தக் கூட்டக் குறிப்பையும் அப்படித்தான் தொடருக்கு வெளியே, தனியாகப் படிக்கத் தரப்போகிறோம்.