அம்மாவின் வலியைக் கண்டுபிடிக்க: வீடியோவா, தாளா?

குளிக்க வைக்கும்போதெல்லாம் அம்மா என் கையைத் தட்டிவிடுவார். டிமென்ஷியாவால் (மறதி நோயால்) வந்த பிடிவாதம் என்றே பல மாதம் நினைத்திருந்தேன். தோள்பட்டை வலி என்று பிறகுதான் தெரிந்தது. வலியைச் சொல்ல முடியாதவர்களின் வலியைக் குடும்பங்களுக்குப் புரிய வைக்க எது நல்ல வழி என்று அன்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.

தாளில் மதிப்பெண் போட்டுப் பார்க்கும் வழிகளில் பெயர் பெற்றது 2003-இல் வந்த 'பெய்னாட்' அளவுகோல். மூச்சு, முனகல், முகம், உடல் அசைவு, ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்று ஐந்தைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை போட வேண்டும். மொத்தம் 10. வீடியோ பக்கம், கனடாவின் ரெஜைனா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹாட்ஜிஸ்டாவ்ரோபுலோஸ் குழுவினர் 'சீ பெயின் மோர் கிளியர்லி' என்ற ஹேஷ்டேகுடன், டிமென்ஷியா உள்ளவர்களின் வலியைக் கவனிக்க வேண்டும் என்ற செய்தியைச் சமூக ஊடகங்களில் பரப்பினார்கள்.

அடையாளம் காணக் கற்றுக்கொள்ள வீடியோதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 'முகச்சுளிப்பு' என்று தாளில் படித்தால் ஆளுக்கொரு முகம் மனதில் வரும். புருவம் இறங்குவதையும் கண் இடுங்குவதையும் மேலுதடு ஏறுவதையும் கண்ணால் பார்த்தால்தான் பிடிபடும். அதுவும் சும்மா உட்கார்ந்திருக்கும்போது பார்த்துப் பயனில்லை. புரட்டிப் படுக்க வைக்கும்போது, எழுப்பி நிறுத்தும்போதுதான் பல வலிகள் வெளியே வரும். அந்த நொடியை நிறுத்தி, திரும்ப ஓடவிட்டுப் பார்க்கலாம். படிக்கத் தெரியாத உதவியாளரும் புரிந்துகொள்வார்.

ஆனால் டாக்டர் "எத்தனை நாளாக?" என்று கேட்டால் வீடியோவால் பதில் சொல்ல முடியாது. தேதி போட்டு மதிப்பெண் எழுதிய தாள்தான் அங்கே பேசும். அந்தப் பேச்சு எவ்வளவு முக்கியம் என்பதற்கு நார்வே ஆய்வு ஒன்றே போதும். 2011-இல் வெளியான அந்த ஆய்வில், முதியோர் இல்லங்களில் டிமென்ஷியாவும் கொந்தளிப்பும் (அமைதியின்றித் தவிப்பது, கத்துவது போன்றவை) இருந்த 352 பேரில் ஒரு பகுதியினருக்கு 8 வாரம் படிப்படியாக வலி சிகிச்சை கொடுத்தார்கள். முதல் படி வெறும் பாராசிட்டமால்தான். மற்றவர்களைவிட அவர்களின் கொந்தளிப்பு நன்றாகவே குறைந்தது.

அரை நிமிட ரீல்ஸ், பத்து நிமிட யூடியூப் இரண்டில் நான் நீளமானதையே அனுப்புவேன். ரீல்ஸில் 'முகம் சுளித்தால் வலி' என்பதோடு முடிந்துவிடும். பசியோ பயமோ சிறுநீர் முட்டுவதோகூடக் காரணமாகலாம் என்பதும், ஆரம்ப நிலையில் இருப்பவரிடம் "வலிக்குதா?" என்று கேட்டாலே சொல்லிவிடுவார் என்பதும் விட்டுப்போகும்.

ஒன்று மட்டும் கூடவே கூடாது: சொந்த அம்மா அப்பா வலியில் துடிப்பதைப் படம்பிடித்துப் போடுவது. அவர்களால் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல முடியாது. நடிகரை வைத்து எடுத்தால் போதும்.

எங்கள் வீட்டில் தாள் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. வீடியோ குடும்ப வாட்ஸ்அப்பில் போயிற்று. போன வாரம் வீடியோ காலில் அம்மாவை எழுப்பி உட்கார வைத்தபோது, துபாயிலிருக்கும் தம்பி சொன்னான்: "அக்கா, புருவத்தைப் பாரு."