கல்வெட்டைப் படியெடுக்க மைப்படியா, ஒளிமாற்றப் படமா?

அம்பாறைப் பக்கத்துக் குகைக் கல்வெட்டுகளோ, மட்டக்களப்புக் கரையோரக் கோயில்களில் கிடக்கும் தமிழ்க் கல்வெட்டுகளோ, எதைப் பதிவுசெய்யக் கிளம்பினாலும் முதலில் முடிவெடுக்க வேண்டியது இதைத்தான். ஈரத்தாளை ஒட்டி மை ஒற்றி எடுக்கும் பழைய மைப்படியா? கமராவை அசைக்காமல் நிறுத்தி, வெளிச்சத்தை மட்டும் இடம் மாற்றி மாற்றி எடுக்கும் ஆர்.ரி.ஐ. எனப்படும் ஒளிமாற்றப் படமா? எங்கள் சிறு குழு இரண்டையும் செய்துபார்த்து மைப்படியை முதன்மைப் பதிவாகவும் ஒளிமாற்றப் படத்தை அதற்குத் துணையாகவும் வைத்துக்கொண்டது. இன்றைய ஆய்வுலகம் பெரும்பாலும் மறுபக்கம் சாய்கிறது என்பது தெரியும். அதனால்தான் எங்கள் காரணத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஆய்வேட்டுக்காகக் களத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு உதவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் இங்கே நடைமுறையில் உள்ளது. எந்த முறையானாலும் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொண்டே கல்லுக்குப் பக்கத்தில் போக வேண்டும். மைப்படியில் கல்லைத் தொடுகிறோம் என்பதால் இது இரட்டிப்பு முக்கியம்.

செலவு, சுமை பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. மைப்படிக்குத் தாள், தூரிகை, மை, வாளி, தண்ணீர் போதும். ஒளிமாற்றப் படத்துக்குக் கமரா, முக்காலி, பிளாஷ் அல்லது நல்ல டோர்ச், பளபளப்பான ஒரு கறுப்பு உருண்டைக் குண்டு, பிறகு ஒரு கணினி வேண்டும். கமரா ஏற்கனவே கையில் இருந்தால் பெரிய வித்தியாசம் இல்லை. மென்பொருள்களும் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஒளிமாற்றப் படத்தின் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2001இல் எச்பி ஆய்வுகூடத்தில் டாம் மால்ஸ்பெண்டர் குழுவினர் வெளியிட்ட முறை அது. கிரேக்கக் கடலில் கிடைத்த பழங்காலப் பற்சக்கரக் கருவியான அன்டிகிதெரா பொறியின் அரித்துப்போன எழுத்துகளை 2005இல் இந்த முறையிலும் படமெடுத்தார்கள். கமரா அசையாது. பிளாஷை ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு உயரத்திலிருந்தும் அடித்து நாற்பது, ஐம்பது படம் எடுக்கிறோம். சட்டகத்துக்குள் வைத்த கறுப்புக் குண்டில் விழும் ஒளிப்புள்ளியை வைத்து, ஒவ்வொரு படத்திலும் வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று மென்பொருள் கணக்கிட்டுக்கொள்கிறது. அப்புறம் திரையில் நாமே வெளிச்சத்தைச் சுழற்றிப் பார்க்கலாம்.

இதன் அருமை குகைகளில் காணும் பழைய பிராமி எழுத்தில்தான் நன்றாகத் தெரியும். பிராமியில் 'ர' என்பது பெரும்பாலும் ஒற்றை நிமிர்கோடு. பாறையில் இயற்கையாக விழுந்த வெடிப்பும் ஒற்றை நிமிர்கோடுதான். மைப்படியில் இரண்டும் கறுப்பில் ஒரு வெள்ளைக் கோடாகத்தான் விழும். ஒளிமாற்றப் படத்தில் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் தாழ்த்தினால், உளி போன பள்ளத்தின் இரு கரையும் ஒரே சாய்வாக இறங்குவதும், வெடிப்பு ஒழுங்கில்லாமல் ஓடுவதும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அம்பாறை மாவட்டத்து இராஜகலவில் மகிந்த தேரர், இத்திய தேரர் ஆகியோரின் தூபியைக் குறிப்பிடும் பிராகிருதக் கல்வெட்டு சில சொற்களே கொண்டது. அந்த மாதிரிச் சிறிய வாசகத்தில் ஓரெழுத்து மாறினாலும் ஆள் மாறிவிடும், வரலாறும் மாறிவிடும். மை ஒற்றுகிறவர் எதை எழுத்து என்று நினைக்கிறாரோ அது தாளில் கொஞ்சம் தூக்கலாக விழுவது உண்மை. ஒளிமாற்றப் படத்தில் அந்தக் கைச்சாய்வு மிகக் குறைவு. இந்த விஷயத்தில் மைப்படி தோற்றுத்தான் போகிறது.

ஆனால் களம் வேறு மாதிரி. வெயிலில் கிடக்கும் கல்லில் பிளாஷ் எடுபடாது. நிழல் போட்டு மறைக்க வேண்டும், இல்லையென்றால் இருட்டில் செய்ய வேண்டும். அம்பாறைக் காட்டுப் பக்கம் இருட்டில் வேலை என்பது யானை நடமாடும் நேரத்தில் வேலை. எங்கள் குழு பின்னேரம் நாலு மணிக்கெல்லாம் மலையிலிருந்து இறங்கிவிடும் என்பது தீர்மானமான விதி.

மைப்படிக்கு வருவோம். கல்லை மென்மையான தூரிகையாலும் தண்ணீராலும் மட்டுமே கழுவுகிறோம். கம்பித் தூரிகை, சோப்பு எதுவும் கிட்ட வரக்கூடாது. நனைத்த தாளை விரித்து, மயிர் நெருக்கமான தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அடித்துக்கொண்டே போகிறோம். அடிக்க அடிக்கத் தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும், இடையில் சிக்கிய காற்று வெளியேறும். முக்கால் பாகம் காய்ந்ததும் துணிப்பந்தில் மையைக் குறைவாகத் தொட்டு ஒற்றுகிறோம். புகைக்கரியும் கோந்தும் கலந்த மை அது. மேடு கறுப்பாகும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். இதில் எல்லாமே அந்த 'முக்கால் பாகம் காய்ந்ததும்' என்ற நேரக் கணக்கில்தான் இருக்கிறது. ஈரம் கூடினால் மை தாளைத் தாண்டிக் கல்லில் இறங்கும். ஈரம் குறைந்தால் தாள் எழும்பிவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஓரம் சுருண்டு எழும்புவதற்குள் ஒற்றி முடிக்க வேண்டும், இரண்டு பேர் இல்லாமல் சரிவராது. மாரியில் இதற்கு நேர்மாறு, தாள் காயவே காயாது. வைகாசி, ஆனியில் காலை வேளைதான் எங்களுக்கு ஒத்துவந்தது.

சரி, இவ்வளவு தொந்தரவும் கைச்சாய்வும் இருக்க மைப்படியை ஏன் முன்னுக்கு வைத்தோம்? எடுத்ததைப் பேணுவதற்காக. எங்கள் தீர்ப்பு முழுவதும் இந்த ஒன்றில்தான் நிற்கிறது.

பதிவு எடுக்கிற நாளில் இரண்டும் நல்ல பதிவுதான். கேள்வி நாற்பது வருடம் கழித்து. ஒளிமாற்றப் பதிவு ஒன்றுக்கு மூலப்படங்களே ஒரு ஜிபியைத் தாண்டும். அதை ஹார்ட் டிஸ்க்கில் வைக்கிறோம். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை புது டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். இரண்டு இடத்தில் பிரதி வேண்டும். கோப்பு வடிவம் வழக்கொழிந்தால் மாற்றி எழுத வேண்டும். எந்தக் கோப்பு எந்தக் கல், எந்தத் திகதி என்ற குறிப்பும் கூடவே பயணம் செய்ய வேண்டும். இவ்வளவையும் யார் செய்வது? பெரிய பல்கலைக்கழகமோ அருங்காட்சியகமோ என்றால் அதற்கென்று ஆள் இருப்பார்கள். எங்களைப் போன்ற ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்த குழுவில் ஒருவர் கல்யாணமாகி வெளிநாடு போவார், ஒருவருக்கு இடமாற்றம் வரும். டிஸ்க் யாரோ ஒருவர் வீட்டு அலுமாரியில் கிடக்கும். இருபது வருடத்துக்கு முன் சிடியில் எழுதிக்கொடுத்த ஆய்வுப் படங்களைத் திறக்க இன்று சிடி டிரைவ் தேடி அலைகிறோமே, அதே கதை இதற்கும் வரும்.

தாளுக்குத் தேவையான பராமரிப்பை ஊரில் எவரும் செய்யலாம். மடிக்காமல் தட்டையாக வைக்க வேண்டும். கறையானும் இராமபாணப் பூச்சியும் ஏறாமல், ஈரம் படாமல் பார்க்க வேண்டும். வருடத்தில் ஒருமுறை வெளியே எடுத்து நிழலில் காற்றாட விட வேண்டும். ஏட்டுச்சுவடியைத் தலைமுறைகளாகக் காத்த ஊர்களுக்கு இது புதிய வேலையில்லை. பார்ப்பதற்கு மின்சாரமும் வேண்டாம், மென்பொருளும் வேண்டாம்.

தாள் நிலைக்கும் என்பதற்குக் கிரேக்கக் கல்வெட்டு ஆய்வே சாட்சி. அங்கே மை ஒற்றுவதில்லை. தடித்த வடிதாளை நனைத்து அடித்து, காய்ந்தபின் அச்சாக உரித்தெடுக்கிறார்கள். எழுத்தின் ஆழமும் தாளிலேயே நின்றுவிடும். பெர்லினில் கிரேக்கக் கல்வெட்டுத் தொகுப்புப் பணியகத்தில் இப்படிப்பட்ட அச்சுகள் சுமார் 80,000 இருக்கின்றன. பிரின்ஸ்டன் உயர்கல்வி நிறுவனத்தில் சுமார் 30,000. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எடுத்தவையும் இன்று வாசிக்கும் நிலையில் உள்ளன. கல் உடைந்தோ காற்றிலும் மழையிலும் தேய்ந்தோ போன இடத்தில், கல்லில் இல்லாத எழுத்து தாளில் இருக்கிறது. பிரின்ஸ்டன்காரர்கள் இப்போது அந்தத் தாள்களையே கணினியில் ஏற்றுகிறார்கள். தாள் முதலில் இருந்ததால்தானே அதுவும் முடிகிறது.

தாள் தானாகவே பிழைத்துவிடும் என்று சொல்லவில்லை. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966இல் ஊட்டியிலிருந்து மைசூருக்குப் போனது, தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளும் அங்கேதான் இருந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்றும்படி 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டிவந்தது. ஒரே இடத்தில் குவிந்திருப்பது எதுவானாலும் ஆபத்துத்தான். 1978 சூறாவளியையும் 2004 சுனாமியையும் பார்த்த கரை இது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அதனால் நாங்கள் ஒரு கல்லுக்கு ஒரே அமர்வில் இரண்டு படி எடுக்கிறோம். ஒன்று கோயிலுக்கு அல்லது ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு, மற்றது கடலுக்குத் தூரமான இடத்துக்கு. அனுமதிக் கடிதத்திலும் இரண்டு என்று எழுதியே கேட்கிறோம்.

ஊரிடம் ஒரு படி இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதிச் செயலணி அமைக்கப்பட்டபோது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. ஒரு கல் என்ன சொல்கிறது என்பது இங்கே வெறும் படிப்பு விஷயமாக இருந்துவிடுவதில்லை. அப்படியான இடத்தில் கல்லின் அளவிலேயே ஒரு படி, எவரும் விரித்துப் பார்க்கும்படி, ஊரில் இருக்க வேண்டும். பிராகிருதமானால் பிராகிருதம், தமிழானால் தமிழ். உள்ளது உள்ளபடி தெரிய வேண்டும்.

பிற்காலத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றின் படியைக் கோயிலில் விரித்துக் காட்டியபோது கோயில் நிர்வாகியான வண்ணக்கர் ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை மேலே ஓட்டிப் பார்த்தார். "மனே, இது 'க' தானே? நாம எழுதுற மாதிரியே கிடக்கு" என்றார். பிறகு 'ம', 'ட', 'ப' என்று தானாகவே கண்டுபிடித்துக்கொண்டு போனார். அதே கல்லின் ஒளிமாற்றப் படத்தை மடிக்கணினியில் காட்டியபோது நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு எழும்பிவிட்டார். மைப்படியைக் கேட்டு வாங்கி, கோயில் அறையில் தகரப் பெட்டிக்குள் உயரத்தில் வைத்திருக்கிறார்.

மைப்படி சரிவராத இடங்களும் உண்டு. எங்கள் பகுதிக் குகைகள் பெரும்பாலும் உறுதியான பாறை, ஈரத்தாளையும் தூரிகை அடியையும் தாங்கும். மேற்பரப்பு செதில் செதிலாக உரியும் கல், உப்புப் பூத்த கல், சுதை பூசிய சுவர், பழைய நிறத்தின் மிச்சம் உள்ள எழுத்து, இவற்றில் தாள் வைக்கவே கூடாது. அங்கே ஒளிமாற்றப் படம் மட்டும்தான். மழைநீர் உள்ளே வடியாமல் குகை வாயிலின் மேலே வெட்டிய கற்புருவத்துக்குக் கீழே தலைக்கு மேல் சாய்வாக வெட்டிய எழுத்தும் தொல்லைதான். தாளை அடித்துக்கொண்டிருக்கும்போதே அதன் பாரத்தில் அது கழன்று விழும். அப்படியான இடத்தில் பல கோணத்தில் கைத்தொலைபேசியாலேயே படமெடுத்து முப்பரிமாண உருவமாக்குவது லேசு. மெஷ்ரூம் போன்ற இலவச மென்பொருளே அதற்குப் போதும். ஆனால் ஆழமில்லாத எழுத்தில் அந்த உருவம் வழுவழுவென்று வந்து கையை விரித்துவிடுகிறது.

செப்பேட்டில் இரண்டு முறையையும் நான் செய்ததில்லை, அதைப் பற்றி என் சொல்லை நம்பி இறங்க வேண்டாம். கல்லில் வேலை செய்கிறவர்கள் ஒரு வரிசையை மட்டும் மாற்றாமல் இருந்தால் நல்லது. ஒளிமாற்றப் படத்தை முதலில் எடுங்கள், மைப்படியை அப்புறம் எடுங்கள். நனைந்த கல் முழுதாக உலர ஒரு நாளும் ஆகலாம், ஈரம் நின்ற இடத்தில் பிளாஷ் வெளிச்சம் மினுங்கிப் படம் கெட்டுவிடும்.